ஒத்த சொல் பெட்டியில் சமக்குறி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில ஒத்த சொல் பெட்டியைப் பற்றி எழுதுகிறோம். இடப்பக்கம் ஒரு பெயரடை, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் எட்டோ பத்தோ சொற்கள் என்று அது வருகிறது. அதை வெட்டி நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பலர். சொல் தேர்வில் எங்களுக்குக் குறையில்லை. குறையெல்லாம் நடுவில் நிற்கும் அந்தச் சமக்குறியின் மேல்தான். கண்டதையும் கேட்டதையும் தொட்டதையும் முகர்ந்ததையும் சுவைத்ததையும் வர்ணிக்கும் பெயரடைகளில் அது மாணவரை நேராகப் பிழையில் கொண்டுபோய் விடுகிறது.

ஒல்லியான என்று பொருள்படும் ‘தின்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒத்தவை என்று ‘ஸ்லிம்’, ‘ஸ்லெண்டர்’, ‘லீன்’, ‘ஸ்கின்னி’, ‘காண்ட்’, ‘இமேஷியேட்டட்’ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்குவது வழக்கம். இவற்றில் ‘ஸ்லிம்’ பாராட்டு. ‘ஸ்லெண்டர்’ என்பதில் ஒயில் சேர்ந்திருக்கிறது. ‘லீன்’ என்றால் கொழுப்பில்லாத, கட்டான உடல். ‘ஸ்கின்னி’யில் கொஞ்சம் கேலி. ‘காண்ட்’ என்பது நோயிலோ பசியிலோ கவலையிலோ கன்னம் ஒட்டி எலும்பு தெரியும் முகம். ‘இமேஷியேட்டட்’ மருத்துவ அறிக்கையில் வரத்தக்க சொல். உடல் வற்றிப்போன நிலை. எடை குறைத்த தோழியிடம் ‘நீ காண்ட்டாக இருக்கிறாய்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் மகிழமாட்டார். மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசிப்பார்.

ஆங்கிலத்தில் இப்படிச் சொற்கள் குவிந்ததற்கு வரலாறு உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆட்சியிலும் அவையிலும் பிரெஞ்சு புழங்கியது. கல்வியிலும் சமயத்திலும் லத்தீன் இருந்தது. மக்கள் வாயில் பழைய ஆங்கிலம் நின்றது. மூன்றும் கலந்ததன் விளைவுதான் ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என்று, அரசருக்குரிய என்ற ஒரே கருத்துக்கு மூன்று சொற்கள். இப்படி மூன்று வாசல் வழியாக வந்த சொற்கள் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் நிற்பதில்லை. ஒன்று வழக்கொழியும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பொதுவாக, குட்டையான பழஞ்சொல் பேச்சுக்கு நெருக்கம். நீளமான லத்தீன் வழிச் சொல் எழுத்துக்கும் முறையான அறிக்கைக்கும் நெருக்கம். ‘டீப்’ என்பது கிணற்றுக்கும் பொருந்தும், உறக்கத்துக்கும் பொருந்தும். ‘ப்ரொஃபவுண்ட்’ கிணற்றுக்கு ஆகாது.

பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் அகரவரிசையில் அமைந்ததன்று. நம் நிகண்டுகளைப் போலக் கருத்துவாரியாகத் தொகுத்தது. மொழி தெரிந்தவர், நாவின் நுனியில் நின்று வர மறுக்கும் சொல்லைத் தேடிப் பிடிக்க அது உதவும். அதாவது, ஏற்கெனவே தெரிந்த சொல்லை நினைவூட்டும் கருவி அது. தெரியாத சொல்லைக் கற்றுத்தரும் வேலையை அதன்மேல் சுமத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இந்தப் பெட்டியிலும் ஆகிறது.

பொருள் வேறுபாடு ஒருபுறம் இருக்க, நினைவாற்றலும் இந்த முறைக்கு எதிராகவே இருக்கிறது. பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே அமர்வில் கொடுத்தால், தொடர்பில்லாத சொற்களைக் கொடுத்ததைவிட மெதுவாகத்தான் மனத்தில் ஏறுகின்றன என்று 1993இல் டிங்கம் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகள் காட்டின; 1997இல் வேரிங் என்ற இன்னோர் ஆய்வாளர் மறுபடி செய்து பார்த்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. காரணம் எளிது: ஒரே இடத்தில் சேமிக்கப்படும் இரண்டு புதுச் சொற்கள் ஒன்றையொன்று குழப்பும். ஒளியைச் சொல்லும் பெயரடைகளில் இது இன்னும் மோசம். ‘க்ளீமிங்’, ‘க்ளிட்டரிங்’, ‘க்ளிஸனிங்’, ‘க்ளேரிங்’, ‘க்ளோயிங்’ என்று பொருளும் நெருக்கம், தொடக்க ஒலியும் ஒன்று. ஐந்தையும் ஒரே நாளில் படித்தவருக்கு மறுவாரம் ‘க்ள’ மட்டும் நினைவிருக்கும்.

இந்த ஐந்தையும் பிரிப்பது ஒளியின் அளவு அன்று. ஒளி எப்படி வருகிறது என்பதுதான். துடைத்து மெருகேற்றிய பரப்பில் படும் ஒளி ‘க்ளீமிங்’. நம் ‘பளபள’ அதற்கு மிக அருகில் வரும். நனைந்த பரப்பு மின்னினால் ‘க்ளிஸனிங்’: வியர்த்த நெற்றி, மழையில் நனைந்த இலை. (அதில் ‘ட்’ எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் இல்லை.) சின்னச் சின்ன ஒளித்துண்டுகள் பலவாகத் தெறித்தால் ‘க்ளிட்டரிங்’. அனலாகவோ விளக்காகவோ நின்று நிதானமாக உள்ளிருந்து வரும் வெளிச்சம் ‘க்ளோயிங்’. கண்ணைக் கூசவைத்துத் தொல்லை தரும் வெளிச்சம் ‘க்ளேரிங்’. அதனால்தான் கண்ணில் அறைகிற பிழையையும் ‘க்ளேரிங் எர்ரர்’ என்கிறார்கள். அதே கூச்சம் வியப்பைத் தந்தால் சொல் மாறி ‘டாஸ்லிங்’ ஆகிவிடும்.

ஈரத்தைச் சொல்லும் சொற்களைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். ‘வெட்’ என்பதற்கு ஒத்தவையாக ‘மாய்ஸ்ட்’, ‘டாம்ப்’, ‘ஹ்யூமிட்’, ‘க்ளாமி’, ‘சாகி’, ‘சோக்ட்’ ஆறையும் போடுவார்கள். ‘மாய்ஸ்ட்’ என்பது இருக்கவேண்டிய ஈரம்: விதை முளைக்கத் தயாரான மண், உலர்ந்துபோகாத கேக். ‘டாம்ப்’ பெரும்பாலும் இருக்கக்கூடாத ஈரம்: சுவரில் ஓதம், சரியாகக் காயாத சட்டை. ‘ஹ்யூமிட்’ காற்றுக்கும் வானிலைக்கும் உரியது. துணியையோ தரையையோ அப்படிச் சொல்வதில்லை. ‘க்ளாமி’ தோலுக்குப் பொருந்துவது. குளிர்ந்து பிசுபிசுக்கும் உள்ளங்கை. ‘சாகி’ என்றால் நீரை ஏற்றுத் தன் உறுதியை இழந்தது, நமுத்துப்போன பிஸ்கட், சதசதவென்ற மைதானம். ‘சோக்ட்’ என்பது தொப்பலாக நனைந்தது, அளவின் உச்சி. ஆக, இந்த ஆறுக்குள் விருப்பு வெறுப்பு ஒரு கோடு, எந்தப் பொருள் என்பது ஒரு கோடு, அளவு ஒரு கோடு. சமக்குறி மூன்றையும் அழித்துவிடுகிறது.

அளவின் கோட்டை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அதில் இலக்கணமும் கலந்திருக்கிறது. ‘கோல்ட்’ என்பது படிப்படியாக ஏறும் சொல். முன்னால் ‘வெரி’ போடலாம். ‘ஃப்ரீஸிங்’ உச்சியில் நிற்கும் சொல். அதற்குள்ளேயே ‘மிக’ இருக்கிறது. அதனால் ‘வெரி ஃப்ரீஸிங்’ என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ‘அப்ஸல்யூட்லி ஃப்ரீஸிங்’ என்பார்கள். மறுபுறம் ‘அப்ஸல்யூட்லி கோல்ட்’ ஒட்டாது. ‘பிக்’குக்கு உச்சி ‘ஹ்யூஜ்’, ‘ஸ்மால்’ என்பதற்கு ‘டைனி’, ‘டயர்ட்’ என்பதற்கு ‘எக்ஸாஸ்டட்’, ‘டர்ட்டி’க்கு ‘ஃபில்த்தி’, ‘லவுட்’ என்பதற்கு ‘டெஃபனிங்’. இரு சொற்களையும் சமம் என்று படித்த மாணவர் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கும்போது ‘வெரி’யை அப்படியே விட்டுவிடுகிறார். திருத்தும் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது.

வெப்பத்தில் உச்சிக்கு அருகிலேயே மூன்று கிளைகள் பிரிகின்றன. தோலைப் பொசுக்கும் நீரும் ஆவியும் ‘ஸ்கால்டிங்’. உலர வாட்டும் வெயில் ‘ஸ்கார்ச்சிங்’. வியர்த்துக் கொட்டவைக்கும் புழுக்கம் ‘ஸ்வெல்டரிங்’. கீழ்ப்பக்கம் ‘வார்ம்’, ‘லூக்வார்ம்’ இரண்டும் வெப்பமானியில் அருகருகே இருந்தாலும் மனிதரைப் பற்றிப் பேசும்போது எதிரெதிர்: ‘வார்ம் வெல்கம்’ உளமார்ந்த வரவேற்பு, ‘லூக்வார்ம் வெல்கம்’ ஒப்புக்கு ஒரு வரவேற்பு. குளிர்ப்பக்கம் ‘கூல்’ இதமானது, ‘சில்லி’ இதமற்றது.

மணத்துக்கு வந்தால் தமிழ் மாணவருக்குத் தமிழே கைகொடுக்கும். ஓர் ஆங்கிலச் சொல்லை இன்னோர் ஆங்கிலச் சொல்லால் விளக்குவதைவிட, நாம் அன்றாடம் சொல்லும் வாடையோடு பொருத்துவது துல்லியம். மூக்கில் ஏறும் நெடி ‘பன்ஜென்ட்’. அது கெட்ட வாடையாக இருக்கவேண்டும் என்பதில்லை. தொண்டையைக் கமறவைக்கும் புகை ‘ஆக்ரிட்’. பூட்டிக் கிடந்த அறையிலும் பழைய காகிதத்திலும் வரும் மக்கல் வாடை ‘மஸ்ட்டி’. எண்ணெயின் சிக்கு வாடை ‘ரான்ஸிட்’. அழுகிய மாமிசத்தின் முடைநாற்றம் ‘ப்யூட்ரிட்’. தொடுகையிலும் அப்படித்தான்: சொரசொரப்பு ‘ரஃப்’, வழவழப்பு ‘ஸ்மூத்’, பிசுபிசுப்பு ‘ஸ்டிக்கி’. இரட்டைக்கிளவி உணர்வை அப்படியே பிடித்து வைத்திருப்பதால் சொல் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தமிழை நம்பினால் வழுக்கும் இடங்களும் உண்டு. ‘வாசனையான பூ’ என்பதை ‘ஸ்மெல்லி’ என்று எழுதுகிறார்கள். ‘ஸ்மெல்லி’ என்றால் நாற்றமடிக்கிற. வேண்டிய சொல் ‘ஃப்ரேக்ரன்ட்’. ‘கெட்டுப்போன’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலம் பொருளுக்குப் பொருள் மாற்றுகிறது: ரொட்டி ‘ஸ்டேல்’, பால் ‘சவர்’, வெண்ணெய் ‘ரான்ஸிட்’, முட்டை ‘ராட்டன்’.

சுவையில் சொல்ல அதிகமில்லை. ‘டேஸ்ட்டி’ நாக்குக்கு, ‘டேஸ்ட்ஃபுல்’ ரசனைக்கு. சுவையான உணவை ‘டேஸ்ட்ஃபுல்’ என்று எழுதுவது தவறு. ‘டேஸ்ட்லெஸ்’ மட்டும் இரண்டு பக்கமும் போகும். சப்பென்ற சூப்பும் ‘டேஸ்ட்லெஸ்’, அநாகரிகமான கேலியும் ‘டேஸ்ட்லெஸ்’.

எந்தப் பெயரோடு எந்தப் பெயரடை சேரும் என்பதற்கு எப்போதும் தர்க்கம் கிடைக்காது. தேநீர் ‘ஸ்ட்ராங்’, எஞ்சின் ‘பவர்ஃபுல்’. காற்று ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. மனிதர் ‘டால்’, மலை ‘ஹை’. ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்பதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதை விதியாகக் கற்க முடியாது. சொல்லைப் படிக்கும்போதே கூட வரும் பெயரையும் சேர்த்துப் படிப்பதுதான் வழி. ஐயம் வந்தால், மக்கள் உண்மையில் பேசிய, எழுதிய ஆங்கிலத்தைத் திரட்டிய தொகுப்புகளில், பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்றவற்றில், தேடிப் பார்க்கலாம். அந்த இணை அங்கே வரவே இல்லையென்றால் எழுதாமல் விடுவது பாதுகாப்பு.

இன்னும் இரண்டு இலக்கணக் கண்ணிகள். ‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ என்ற ஐந்து புலன் வினைகளும், ஒன்று எப்படித் தோன்றுகிறது என்று சொல்லும்போது, பெயரடையைத்தான் பின்னால் ஏற்கும். ‘பூ இனிமையாக மணக்கிறது’ என்று தமிழில் ‘ஆக’ சேர்ப்பதால், மாணவர் ஆங்கிலத்திலும் ‘லி’ சேர்த்து ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதுகிறார். ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பதே சரி. அடுத்தது இடம். ‘அஸ்லீப்’, ‘அலைவ்’, ‘அஃப்ரெய்ட்’ போன்றவை பெயருக்கு முன்னால் நிற்கா. ‘அஸ்லீப் சைல்ட்’ தவறு, ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ சரி; ‘அஃப்ரெய்ட் பாய்’ தவறு, ‘ஃப்ரைட்டன்ட் பாய்’ சரி. பொருள் ஒத்தாலும் இருக்கை ஒத்துவராத சொற்கள் இவை.

கற்கும் முறைக்கு வருவோம். நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைத் தூணாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் அதன் பக்கத்தில் ஒரே ஒரு புதுச் சொல்தான் சேரவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் படிக்க விரும்பினால் ஐந்தும் ஐந்து புலன்களிலிருந்து வரட்டும். ஒளிக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, தொடுகைக்கு ஒன்று என்று. ஒரே புலனின் அடுத்த சொல் முந்தையது நிலைத்த பிறகே வரவேண்டும். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை எழுதிக்கொள்ளலாம். அட்டையின் முன்பக்கம் ஒத்த சொல்லை எழுதக்கூடாது. எழுதினால் சமக்குறி பின்கதவால் நுழைந்துவிடும். முன்பக்கம் சூழலைச் சொல்லும் ஒரு வாக்கியமும் அதில் ஒரு கோடிட்ட இடமும் போதும். பின்பக்கம் சொல், அதனோடு சேரும் இரண்டு பெயர்கள், சேராத ஒரு பெயர். அந்தச் சேராத பெயரைத்தான் எல்லோரும் சோம்பி விட்டுவிடுகிறார்கள். ஆனால் எல்லையைக் காட்டுவது அதுவே.

மறதி முதல் நாளில்தான் வேகமாகப் பாயும், பிறகு தணியும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து 1885இல் வெளியிட்ட முடிவு அது. எனவே அட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று இடைவெளியை நீட்டி எடுக்கலாம். எண்கள் இவையேதான் என்பதில்லை; இடைவெளி வளரவேண்டும், விடையைப் பார்க்கும் முன் சொல்லிப் பார்க்கவேண்டும், இவ்வளவுதான். ஒரே நாளில் ஐம்பது முறை எழுதுவது கைக்குத்தான் பயிற்சி.

இரண்டு சொற்கள் தனித்தனியே நிலைத்த பிறகு அவற்றை நேருக்கு நேர் நிறுத்தலாம். ஒரு வாக்கியத்தில் ஒன்றை எடுத்து மற்றதை வைத்து, என்ன மாறியது என்று மாணவர் தமிழில் சொல்லவேண்டும். ‘ஹிஸ் ஹாண்ட்ஸ் வேர் மாய்ஸ்ட்’, ‘ஹிஸ் ஹாண்ட்ஸ் வேர் க்ளாமி’ இரண்டையும் கேட்டு, இரண்டாவதில் பயமோ நோயோ தெரிகிறது என்று சொன்னால் கற்றாயிற்று. ஒன்றும் மாறவில்லை என்றால் அகராதிக்குத் திரும்பவேண்டும். அந்த அகராதி கற்போருக்கானதாக இருப்பது நல்லது. அவற்றில் விளக்கங்கள் இரண்டாயிரம் மூவாயிரம் அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். பாராட்டுச் சொல்லா, பழிப்புச் சொல்லா, பேச்சு வழக்கா, முறையான வழக்கா என்ற குறிப்பும் இருக்கும். கைப்பேசியில் சொல்லை அழுத்தினால் விரியும் ஒத்த சொல் பட்டியலில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் இராது.

அரிய சொல் போட்டால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுத்துப் பகுதியின் நான்கு அளவுகோல்களில் சொல்வளம் ஒன்று. அங்கே அரிய சொற்களுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அவை நடைக்கும் உடன்வரும் சொல்லுக்கும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்கிறார்கள். பொருந்தாத ‘ரெஸ்ப்ளென்டன்ட்’டைவிடப் பொருந்திய ‘ப்ரைட்’ மேல். ஒரு பெயருக்கு முன்னால் மூன்று பெயரடைகளை அடுக்குவதும் வளம் ஆகாது. பல இடங்களில் நல்ல வினைச்சொல் கிடைத்தால் பெயரடையே வேண்டியிருக்காது.

இனி எங்கள் வேண்டுகோள். பெட்டியின் அளவைக் கூட்டவேண்டியதில்லை. பத்துச் சொல் போடும் இடத்தில் ஒரு சொல்லைப் போட்டு, அதன் எல்லையைக் காட்டினால் போதும். தணிந்த ஒலியைச் சொல்லும் ‘லோ’ என்ற தூணுக்கு மூன்று வாரத் திங்கட்கிழமைகளில் இப்படி வரலாம்:

முதல் திங்கள், ‘ஃபெயிண்ட்’: ஒலி வலுவிழந்து, கேட்டும் கேட்காததுமாய் வருவது, பெரும்பாலும் தொலைவு காரணம். சேரும் பெயர்கள்: ‘சவுண்ட்’, ‘எக்கோ’. சேராதது: ‘மியூஸிக் லவர்’. இதே சொல் ஒளிக்கும் மணத்துக்கும் வரும்.

இரண்டாம் திங்கள், ‘மஃபிள்ட்’: ஒலி எழுந்த இடத்தில் வலுவாகவே இருக்கலாம், நடுவில் கதவோ துணியோ கையோ மறைக்கிறது. சேரும் பெயர்கள்: ‘வாய்ஸ்’, ‘க்ரை’. சேராதது: ‘லைட்’.

மூன்றாம் திங்கள், ‘ஹஷ்ட்’: பேசுபவரே வேண்டுமென்று குரலைத் தாழ்த்துவது. சேரும் பெயர்கள்: ‘வாய்ஸ்’, ‘டோன்ஸ்’. சேராதது: ‘எஞ்சின்’.

நான்காம் திங்கள் புதுச் சொல் வேண்டாம். கோடிட்ட இடத்தோடு மூன்று வாக்கியங்கள்: சுவருக்கு அப்பால் ஓர் அழுகை, மலைக்கு அப்பால் ஒரு மணியோசை, நூலகத்தில் இரு தோழியர். விடையைச் செவ்வாய்க்கிழமை இதழில் வெளியிடுங்கள். அதே நாளில் அல்ல. மற்ற நாள்களுக்கு ஒளி, தொடுகை, மணம், சுவை என்று தூண்களைப் பிரித்துக்கொள்ளலாம். தங்கள் பக்கப் பொறுப்பாளர் விரும்பினால் முதல் மூன்று மாதத்துக்கான சொற்களையும் வாக்கியங்களையும் எழுதித் தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்